நிறுத்தப் போனால் வெடிக்கும் வண்டி

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையன் பைக்கில் வந்தான். எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான், நல்ல பிள்ளைதான். ஆனால் குறைத்த அந்த நொடியில் அவன் வண்டியின் பின்னாலிருந்து பட், பட், படார் என்று வெடிச்சத்தம் கிளம்பியது. பக்கத்தில் நின்ற அம்மாள் கையிலிருந்த பூப்பொட்டலத்தை நழுவவிட்டுவிட்டு அவன் வம்சத்தையே வாயார வாழ்த்தினாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. இந்தச் சத்தம் வரவேண்டும் என்பதற்காகவே இப்போது பிள்ளைகள் வண்டியைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருகிறார்களாம். இதே சத்தத்தை நிறுத்துவதற்கு எங்கள் அப்பா ஒரு பருவம் முழுக்க நாயாய் அலைந்தார்.

என் வயதுக்காரர்களே, அந்தப் பருவம் உங்களுக்கும் நினைவிருக்கும். நம் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை ஐப்பசி மழையில் சரிந்து விழுந்து, மறுபடி வேய்கிற வரைக்கும் லீவு விட்டார்களே, அதேதான். நீங்களெல்லாம் ஏரிக்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் உட்கார்ந்து கல்வராயன் மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அம்மா அப்போது தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். ஓயாமல் ஓடுகிற என்னை நாள் முழுக்கக் கட்டி மேய்க்க அவளால் முடியவில்லை. "இவளையும் இட்டுக்கினு போங்க, மாட்டோட மாடா இருக்கட்டும்" என்று அப்பாவிடம் தள்ளிவிட்டாள்.

அம்மா மாடு என்று சொன்னது சும்மா இல்லை. அப்பா மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர். அந்த வருஷம் கோமாரி நோய் தெற்கே எங்கிருந்தோ சந்தை சந்தையாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்து, நின்ற இடத்திலேயே மாடுகள் படுத்துவிடும். மலைக்கு அது ஏறுவதற்குள் கரியாலூரைத் தாண்டியிருக்கும் ஊர்களில் தடுப்பூசி போட்டு முடிக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் அப்பாவிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அந்த மருந்துக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் உருகிவிட்டால் மருந்தைக் கீழே ஊற்ற வேண்டியதுதான். அதனால்தான் அப்பா பஸ்ஸை நம்பாமல் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார்.

உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி அது. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், தப்பு கம்பெனியுடையது இல்லை. விற்றவர் எமகாதகர். வண்டியை வெய்யிலில் நிறுத்தி, புகைக்குழாயைக் கழற்றிப் பட்டை தீட்டி மாட்டி, கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்திருந்தார். எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் அந்தக் குழாயில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அப்பா எஞ்சினைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத் தட்டிப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார், விழுந்துவிட்டார். அதன் பிறகு தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய்த் துணியால் அந்தக் குழாயைத் துடைப்பார். அம்மாவின் முகத்தை அவர் அத்தனை அக்கறையாகப் பார்த்ததை நான் கண்டதில்லை. அம்மாவும் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

டேங்கின் மேல் உட்கார்ந்து போகிற சுகம் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்காது. பெட்ரோல் வாசம் மூக்கிலேயே இருக்கும். அப்பாவின் தாடை என் உச்சியில் இடிக்கும். பின்னால் கட்டியிருக்கும் பெரிய வாய் ஃப்ளாஸ்க்கில் ஐஸ் கட்டி மோதுகிற சத்தம் வளைவுக்கு வளைவு கேட்கும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் குளிர் முகத்தில் அறையும். அந்தக் குளிரிலும் என் வலது காலுக்கு மட்டும் ஒரு கதகதப்பு வந்துகொண்டே இருக்கும். யாரோ கணுக்கால் பக்கம் குனிந்து வாயால் ஊதிவிடுகிற மாதிரி இருக்கும். இடது கால் பாவம், விறைத்துப் போகும். மோட்டார் சைக்கிள் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மேட்டில் கம்பீரமாக ஏறும். நிறுத்தலாம் என்று ஆக்ஸிலேட்டர் முறுக்கிலிருந்து கையை விட்டால் போதும், பின்னாலிருந்து வெடிக்கும். வேகம் குறையக் குறைய வெடி கூடும். இறக்கத்தில் கேட்கவே வேண்டாம், சரவெடிதான்.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அது செய்த அமர்க்களத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கரும்பு வெட்டுக்குப் போகிறவர்களும் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுமாக எப்போதும் கூட்டம் இருக்கும். அப்பா வேகத்தைக் குறைப்பார். படார். நம் பக்கத்தில் வெடி வெடித்துக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமே. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினாள். பாடையும் வரவில்லை, மேளமும் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அப்பாவும் டேங்கின் மேல் நானும்தான் வந்தோம். ஒரு பெரியவர் மெதுவாகக் கிட்டே வந்து, "யாரு தம்பி தவறிப் போனது?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். வண்டி வெடிக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான், அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்ற முகத்தோடு நேராகப் பார்ப்பார்.

கீழே இது சிரிப்பாகப் போயிற்று. மேலே அப்படி இல்லை.

கரியாலூரிலிருந்து மண் பாதையில் இறங்கினால் ஒரு சின்ன ஊர். சாமையும் மரவள்ளியும் போட்டிருப்பார்கள். மற்ற ஊர்களில் கட்டிக் கிடந்த மாடுகளுக்கு எப்படியோ ஊசி போட்டாயிற்று, இங்கே மாடுகளைக் கொட்டகையில் கட்டிப் போட்டு வளர்ப்பதில்லை. காலையில் அவிழ்த்து விட்டால் காட்டில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் அதுவாகத் திரும்பும். ஊசி போடுகிற நாளில் மட்டும் ஊர் முழுக்கக் கூடி, ஒவ்வொருவரும் தன் மாட்டுக்குப் பழகிய குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்து, ஊர் முகப்பில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கே பாதிப் பகல் போய்விடும். அப்படிச் சேர்த்து வைத்த மாடுகளுக்கு முன்னால் போய் அப்பா வண்டியை நிறுத்தப் பார்த்தார்.

அந்த முதல் நாளை மறக்க முடியாது. முதல் வெடியில் மாடுகள் தலையைத் தூக்கின. இரண்டாவதில் ஒரு கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு மரவள்ளிக்குள் பாய்ந்தது. வண்டி நிற்பதற்குள் ஊர் முகப்பில் சாணியும் புழுதியும்தான் மிச்சம். ஒரு அக்கா, சின்ன வயதுதான், கறுப்புப் பசு ஒன்றின் கழுத்துக் கயிற்றை விடாமல் பிடித்திருந்தாள். பசு அவளையும் இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் தள்ளிவிட்டது. முழங்கை தோலுரிந்து திரும்பி வந்தாள். அவளுக்கு அந்தப் பசுவும் அதன் கன்றும்தான் சொத்து என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து வைப்பதும் மூடுவதுமாக இருந்தார். அன்று ஐஸ் உருகி, மருந்து வீணாகி, நாங்கள் வெறும் ஃப்ளாஸ்க்கோடு மலை இறங்கினோம்.

இரண்டாவது தடவையும் அப்படியே ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்த அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அவங்களுக்கு ஊசின்னாலே ஆகல. வேணும்னே கயித்தை லூசா புடிச்சிக்கினு நிக்கிறாங்க. எம்மேல இன்னா கோவமோ தெரியல." அம்மா ரசத்தை ஊற்றினாள். முழங்கை தோலுரிந்த அக்காவை நினைத்து, கயிறு ஒன்றும் லூசாக இல்லையே என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் நம் காலத்தில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டியைச் சரி பண்ணும் படலம் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சியில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணன் என்பேன். கெட்டிக்காரர், ஆனால் அவருக்கு ஒரு சங்கடம். அவர் கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் வண்டி பூனை மாதிரி உறுமும். முறுக்கி விட்டாலும் லேசாக ஒரு தும்மல், அவ்வளவுதான்.

"இன்னா சார் பண்றது, இங்க நின்னா சமத்தா இருக்குது. ஓட்டிக்கினு போய் கைய வுட்டாத்தான் வெடிக்குதுன்றீங்க. நிக்கிற வண்டிக்குத்தான சார் நான் வைத்தியம் பாக்க முடியும்?"

"கூட வந்து பாருப்பா" என்றார் அப்பா.

"கடைய யார் சார் பாக்கறது?"

அதனால் அவர் இருந்த இடத்திலிருந்தே ஊகித்தார். பிளக்கை மாற்றினார். நெருப்புப்பொறிக்கான பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். பெட்ரோலை வடிகட்டி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தார். வெடி பின்னால் கேட்பதால் நோயும் பின்னால்தான் இருக்கும் என்று அவருக்கு மட்டும் இல்லை, ஊருக்கே எண்ணம். சைலன்சரைக் கழற்றி வைக்கோல் தீயில் போட்டுக் கரியை எரித்துத் தட்டினார். தெருவில் ஒருவர் சத்தத்தை அடக்க ஒரு யோசனை சொன்னார். அதன்படி பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுருட்டி சைலன்சரின் வாயில் திணித்தார்கள். அணைக்கட்டு இறக்கத்தில் அது செக்கச் சிவந்து புறப்பட்டு, பின்னால் வந்த சைக்கிள்காரரின் கேரியரில் இருந்த புல்லுக்கட்டில் விழுந்தது. அவர் புல்லை அவிழ்த்துத் தரையில் போட்டு மிதித்து அணைத்தார். அப்பா இந்தத் தடவை நேராகப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. இறங்கி அவரோடு சேர்ந்து மிதித்தார்.

அம்மா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். "உங்க கண்ணே பட்டிருக்கும், தெனம் அந்தக் குழாயையே பாத்துக்கினு இருந்தா" என்றாள். அன்று வெடித்த வெடியில் மிளகாய் ஒன்று அறுந்து என் மடியில் விழுந்தது.

கடைசியாக அப்பாவுக்கே ஒரு யோசனை வந்தது. ஊருக்கு மேலே இருக்கிற வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, கியர் இல்லாமல் இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போய்விடலாம். எஞ்சின் ஓடாவிட்டால் வெடிக்காதே. என்னை வளைவில் இறக்கிவிட்டு, நடந்து வா என்று சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அந்தப் புத்தி அவருக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறேன். மழையில் நனைந்த மண் பாதை, பழைய வண்டியின் பிரேக். சத்தமே இல்லாமல் போனார், உண்மைதான். சத்தமே இல்லாமல் மாடுகளைத் தாண்டினார், சத்தமே இல்லாமல் ஊர் முகப்பைத் தாண்டினார், அதற்குக் கீழே இருந்த மரவள்ளித் தோட்டத்துக்குள் போய் மறைந்தார். மரவள்ளிக் குச்சிகள் சடசடவென்று ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. மாடுகள் அதற்கும் ஓடின. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அப்பா ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அன்றுதான் அந்த அக்கா வந்து சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். "ஊசிக்கார சார், இனிமே ஊருக்குள்ள வண்டி வேணாங்க. எங்க பசு பால் எறக்க மாட்டேன்னுது. கன்னுக்குட்டி ராவெல்லாம் கத்துது."

அப்பா தலையை ஆட்டினார். வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குள் கோமாரி கச்சிராயபாளையத்துக்கு வந்துவிட்டது. கரும்பு வண்டி மாடுகள் ரோட்டோரம் நுரை தள்ளிப் படுத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரிய டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கிறது, இதையும் வீணாக்கினால் அந்த ஊருக்கு இந்தப் பருவம் மருந்து கிடையாது என்று சொல்லியனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய்த் துணி கையில் இருந்தது. ஆனால் துடைக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறைமாத வயிறு அவளைக் குனிய விடவில்லை. அதனால் எரிச்சல் எல்லாம் என் காலில் இறங்கியது.

"இன்னாடி இது, தெனமும் இந்த வலது காலு மட்டும் கரிச்சட்டிக்குள்ள வுட்டா மாதிரி வருது? எங்கடி போய் மிதிக்கிற?"

"எங்கயும் மிதிக்கல."

"வண்டில போனா தூசு படும், வுடு" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

"தூசுன்னா ரெண்டு காலுலயும்தான படணும்? இது தூசு இல்லங்க. கையில வழவழன்னு ஒட்டுது பாருங்க, இது கரி." அம்மா தன் விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். "நம்ம அடுப்பு ஒரு பக்கம் விரிசல் வுட்டுச்சே, அந்தப் பக்கத்து செவுரு மட்டும் இப்படித்தான் கருத்துக்கினு இருந்துச்சி. ஏய், வண்டில உன் வலது காலுக்குப் பக்கத்துல இன்னா இருக்குது?"

"அப்பாவோட பளபளா குழாய்" என்றேன். பிறகு, யாரும் கேட்காததால் அதுவரை சொல்லாத விஷயத்தையும் சொன்னேன். அந்தக் காலுக்கு மட்டும் கதகதப்பாகக் காற்று வரும் என்றேன். மேடு ஏறும்போது வரும், இறங்கும்போது வராது என்றேன்.

அப்பா கையில் இருந்த துணியை விரித்துப் பார்த்தார். ஒரு மூலை முழுக்கக் கறுப்பு. தினமும் காலையில் அவர் ரோட்டு அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எறிந்தது அத்தனையும் புகைக்கரி. நோய் தினமும் பகலில் அந்தக் குழாயின் கழுத்தில் எழுதி வைத்திருக்கிறது, அப்பா தினமும் காலையில் அதை அழித்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். வண்டியின் மேல் வைத்த ஆசைதான் வண்டியின் நோயை மறைத்தது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி என் கால். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வேணாம், எனக்கு இங்கயே ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணன் கடையை மூடிவிட்டே வந்தார். எஞ்சினும் குழாயும் சேருகிற இடத்தில் ஈரத் துணியைக் கயிறாகத் திரித்து இறுக்கிச் சுற்றினார். அதன்மேல் களிமண்ணை அப்பினார். அப்பா ஓட்ட, அவர் பின்னால் உட்கார, தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தார் அப்பா. சத்தம் இல்லை. இன்னொரு தடவை போனார்கள். சத்தம் இல்லை. மூன்றாவது தடவை களிமண் காய்ந்து உதிர்ந்தது, படார் என்றது. அந்த ஒரு வெடிக்கு மட்டும் அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கை தட்டினார், நோய் இருந்த இடம் தெரிந்துவிட்டதே.

அண்ணன் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். "சார், இங்க ஒரு செம்பு வளையம் இருக்கணும், அதயே காணோம். பட்டை தீட்டறதுக்குக் கழட்டனவன் திரும்பிப் போடாம வுட்டுட்டான். நானும் பின்னாடியே நோண்டிக்கினு இருந்தேன். இவ்ளோ பளபளன்னு இருக்கற குழாயில இன்னா கோளாறு இருக்கப் போவுதுன்னு இந்தப் பக்கமே வரல."

வளையம் இல்லாவிட்டால் ஏன் வெடிக்கிறது என்று அப்பா கேட்டார். அண்ணன் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். "மேடு ஏறக்கொள்ள எஞ்சின் ஊதுது. அதான் பாப்பா காலுல பொகை. கைய வுட்டா எஞ்சின் உறிஞ்சுது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் குழாய்க்குள்ள போவும் சார், எல்லா வண்டிக்கும் போவும். அது பாட்டுக்குப் போயிடும். இங்க சந்து இருக்கறதால வெளிக்காத்து உள்ள பூந்துடுது. ரெண்டும் சேந்து சூட்டுல பத்திக்கினு குழாய்க்குள்ளயே தீவாளி."

பழைய செம்புக் கம்பியைக் குழாயின் அளவுக்கு வளைத்து, முனையைச் சேர்த்து, கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. அப்படிச் செய்தால் செம்பு இளகி, இறுக்கும்போது சந்தில் ஒட்டிக்கொள்ளுமாம். மாட்டி முடுக்கினார். அன்றைக்கே ஐஸ் வாங்கிக்கொண்டு நாங்கள் மலைக்குக் கிளம்பினோம்.

கச்சிராயபாளையத்தில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அதற்கே அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு நஷ்டம், வலது காலும் குளிரில் விறைத்தது. வளைவிலிருந்து ஊருக்கு இறங்கும்போது அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என் முதுகில் தெரிந்தது. கையை விட்டார். வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்தது. ஊர் முகப்பில் நின்ற மாடுகள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசை போட்டன. நாங்கள் வந்து சேர்ந்தோம்.

ஊசி போடும் வேலை வெய்யில் சாய்வதற்குள் முடிந்தது. மாட்டின் கொம்பைப் பிடிக்க ஒருவர், வாலைப் பிடிக்க ஒருவர், பெயர் சொல்லித் தடவிக்கொடுக்க ஒருவர் என்று ஊரே கூடி நின்றது. கடைசியாகக் கறுப்புப் பசு. அந்த அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அப்பா ஊசியை இறக்கினார், பசு ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. அவ்வளவுதான். ஃப்ளாஸ்க்கில் ஐஸ் இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா கேட்டதால் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை முழங்கையில் வைத்து, கூசிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "சார், கோவம் போயிடுச்சா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "எனக்கு இன்னாம்மா கோவம்?"

"இல்ல சார். வரும்போதெல்லாம் வெடி வுட்டுக்கினு வருவீங்களே. எங்கமேல இன்னா கோவமோ, ஊரு முகப்புல வந்து வெடி போடறாரேன்னு நாங்க பேசிக்கினு இருந்தோம். கேக்கவும் பயமா இருந்துச்சி."

வீட்டில் ரசச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா சொன்ன அதே வார்த்தையை அந்த ஊர் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. "கோவம் இல்லம்மா" என்றார். "வண்டி ரிப்பேரு. இதோ, இந்தக் கழுத்துல ஒரு வளையம் இல்லாம போச்சி. கைய வுட்டா வெடிக்கும். இன்னிக்கிக் காலையிலதான் கண்டுபுடிச்சோம்."

அக்கா குனிந்து குழாயைப் பார்த்தாள். அதில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"ரிப்பேருன்னு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மாட்டையெல்லாம் ஓடைக்கு அந்தாண்ட நிறுத்தி வெச்சிருப்போமே சார். நீங்க வண்டிய வளைவுலயே வுட்டுட்டு, ஒரு குரல் குடுத்தா, நாங்களே வந்து பொட்டியத் தூக்கியாந்திருப்போம்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கம்பி நாரும் எலுமிச்சம்பழமும் மரவள்ளிச் சேறும் வீணாய்ப் போன மருந்தும் அப்பாவின் கண்முன் வந்திருக்கும். வளையத்தைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆயிற்று. இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் போதும். சர்க்கார் ஆள் போய் மலைக்காரர்களிடம் என் வண்டி சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று அவர் நேராகப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கடத்தியிருக்கிறார். அன்று மலை இறங்கும் வழியெல்லாம் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

கோமாரி அந்த ஊருக்கு வரவில்லை. கறுப்புப் பசு அடுத்த வருஷம் மறுபடி ஈன்றது. அப்பாவும் கொஞ்சம் மாறிவிட்டார். எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கும்போதே, பிரேக் கம்மி, ஹாரன் கேக்காது, எனக்கு இன்னிக்கி வயிறு சரியில்லை என்று தன் பக்கத்துக் குறையை எல்லாம் முதலில் சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அது தலைவலியாகக்கூட ஆயிற்று.

இதை ஏன் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன தையில் நடந்த கல்யாணத்தில் நம் வகுப்புக்காரி ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதேதோ சொன்னாள். நான் நேராக மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். நான் என்னவோ கோபத்தில் இருக்கிறேன் என்று உங்களில் சிலரிடம் சொன்னாளாம். எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலது பக்கம் வந்து உட்காருங்கள்.